கண்ணாடிக்கு முதுகு காட்டிய நாற்காலி

வக்கீல் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் அவர் கோர்ட் வாசலை மிதித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிள் திருடுபோன வழக்கில் சாட்சி சொல்ல. போனவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. திருடியவன் பக்கமும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அதற்கப்புறம் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வக்கீல் என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

தொழிலால் அவர் பஸ் டிப்போவில் பிரேக் மெக்கானிக். பள்ளத்தில் இறங்கி, தலைக்கு மேல் நிற்கும் பஸ்ஸின் வயிற்றைப் பார்த்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். லைனிங் தேய்ந்திருக்கிறதா, காற்றுக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒன்றை நம்புவதற்கு முன் அதன் மறுபக்கத்தையும் கழற்றிப் பார்க்கும் புத்தி அவருக்கு வந்துவிட்டது. பஸ்ஸுக்கு அது நல்ல புத்தி. மனிதர்கள் நடுவில் அதை வைத்துக்கொண்டு அவர் பட்டபாடுதான் இந்தக் கதை.

டிப்போவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சலூன். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, மூலையில் கைகழுவும் தொட்டி, அவ்வளவுதான். வாரம் ஒருநாள் கடைக்கு விடுமுறை. அன்றைக்குச் சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பேர் உள்ளே உட்கார்ந்து பேசுவார்கள். சலூன்காரர் ஒருவர். பள்ளிக்கூடத்துச் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருப்பவர் ஒருவர். குடுவை கழுவுகிற வேலைதான் என்றாலும் விஞ்ஞானச் செய்தி ஒன்று விடமாட்டார், ஆகவே அவர் பெயர் சயின்ஸ். மூன்றாவது ஆள் ரீல். ஒருகாலத்தில் சினிமா டிஸ்க் வாடகைக்கு விட்டவர், அந்தக் கடை படுத்ததும் போன் கவர், சார்ஜர் விற்றுக்கொண்டிருந்தவர். நான்காவது நம் வக்கீல்.

பேச்சு என்றால் இன்ன பேச்சு என்று கிடையாது. கதாநாயகி ஏன் எப்போதும் இடைவேளைக்கு அப்புறம் காணாமல் போகிறாள் என்று தொடங்கும். செவ்வாய்க் கிரகத்தில் வீடு கட்டினால் தண்ணீர் வரி யார் வசூலிப்பது என்று போகும். ஓட்டுப் போடாதவனுக்கு அரசாங்கத்தைத் திட்ட உரிமை உண்டா என்று முட்டிக்கொண்டு நிற்கும். யாருக்கும் எதிலும் பட்டம் கிடையாது. அதனால் எல்லோரும் எல்லாவற்றிலும் கருத்துச் சொன்னார்கள்.

ஒருநாள் ரீலுக்கும் சயின்ஸுக்கும் கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. விஷயம் என்னவென்றால், பேரன் எடுத்த நடிகர் கல்லூரி மாணவராக நடிக்கலாமா கூடாதா என்பது. நடிப்பு என்றால் நடிப்புதான், வயசு எதற்கு என்று ரீல். முழங்கால் மூட்டு என்று ஒன்று இருக்கிறது என்று சயின்ஸ். ஒருவர் வீட்டாரை ஒருவர் பேச்சில் இழுக்கும் கட்டத்தில், சலூன்காரர் எழுந்து வந்து ரீல் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரே சுழற்றலில் திருப்பினார். கண்ணாடிக்கு முதுகும் சுவருக்கு முகமுமாக நின்றது அது. "இப்ப நீ அவன் கட்சி. அவனுக்காகப் பேசு, பாக்கலாம்" என்றார்.

ரீல் முதலில் முறைத்தார். பிறகு முழங்கால் மூட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், சயின்ஸ் சொன்னதைவிடப் பிரமாதமாகச் சொல்லிவிட்டார். நால்வரும் சிரித்த சிரிப்பில் சண்டை போன இடம் தெரியவில்லை. அன்று முதல் அதுவே சட்டம். நாற்காலி கண்ணாடியைப் பார்த்திருந்தால் மனதில் இருப்பதைப் பேச வேண்டும். கண்ணாடிக்கு முதுகு காட்டினால் நம்பாததை நம்புகிறவனாகப் பேச வேண்டும். பேசும் முன் எந்தப் பக்கம் என்று அறிவிக்கத் தேவையில்லை. நாற்காலிதான் இருக்கிறதே, கண் இருக்கிறவன் பார்த்துக்கொள்வான்.

இந்த விளையாட்டில் வக்கீலை அடிக்க ஆளில்லை. ஒருதரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பூமி தட்டை என்று பேசினார் பாருங்கள், சயின்ஸுக்கு முகம் சிவந்து, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். விளையாட்டு என்று தெரியும், தெரிந்தும் தாங்கவில்லை. மறுவாரம் வக்கீல் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து, பூமி உருண்டை என்று பயபக்தியோடு ஒப்புக்கொண்ட பிறகுதான் மனிதர் சமாதானமானார்.

டிப்போவில் வாயைத் திறந்தால் மேஸ்திரி காதில் விழும். வீட்டில் வாயைத் திறந்தால் கரண்ட் பில், பிள்ளையின் படிப்பு, கூரை ஒழுகல் என்று பேச்சு முட்டிக்கொள்ளும். பாதி இறக்கிய அந்த ஷட்டருக்குப் பின்னால்தான் வக்கீல் முழு மனிதராக இருந்தார். அங்கே சொன்னது அங்கேயே இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் சட்டம் அல்ல, ரீல்.

ரீலும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ரீலின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வராந்தா பெஞ்சில் கூடவே உட்கார்ந்து, சாவைப் பற்றிப் பேசாமல் சினிமாவைப் பற்றியே பேசிப் பேசி ரீலைக் கரை சேர்த்தது வக்கீல்தான். டிஸ்க் கடையை மூடிய அன்று அலமாரிகளைக் கழற்ற ஸ்பேனரோடு போய் நின்றதும் அவர்தான். மனைவியிடம் சொல்லாததையும் ரீலிடம் சொல்லுவார். இதை மனைவியிடமே பெருமையாகச் சொல்லிக் காட்டியதும் உண்டு. அந்த அம்மா வேறு என்ன செய்வாள், சரிங்க என்று கேட்டுக்கொண்டாள்.

ஒருநாள் ரீல் ஒரு சின்ன மைக்கைக் கொண்டுவந்து சீப்பு வைக்கும் டம்ளரில் செருகினார். நம்முடைய பேச்செல்லாம் காற்றோடு போகிறதே, ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கொஞ்ச நாளில், இதில் நல்லதாகப் பார்த்து நெட்டில் போடலாமே, போன் வைத்திருக்கிறவன் எல்லாம் பேசுகிறான், நாம் என்ன குறைந்துவிட்டோம் என்று ஆரம்பித்தார். வக்கீல் யோசித்தார். சினிமா போடு, விஞ்ஞானம் போடு, அரசியலும் டிப்போ பேச்சும் மட்டும் வேண்டாம் என்றார். ரீல் அவர் கையைப் பிடித்து, "உன் சோத்துல நான் மண்ணைப் போடுவேனாடா" என்றார். இதைக் கண்ணாடியைப் பார்த்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னார்.

சலூன் சபை என்று பெயர் வைத்துப் போட்டது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடியது. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வக்கீலின் குரலைக் கேட்டு, நீங்கதானே செவ்வாய்க் கிரகத்துத் தண்ணீர் வரி என்று கேட்டார். மனைவி வேலை பார்க்கும் தையல் கூடத்தில் பெண்கள் மெஷினை ஓட்டிக்கொண்டே கேட்டுச் சிரித்தார்கள். வக்கீலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதை மறைப்பானேன்? பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு, தன்னைப் பார்த்து ஒருவர் சிரித்தால் பிடிக்கத்தான் செய்யும்.

நாற்காலி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது மைக்கில் கேட்காதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை விவரமான நான்கு பேர், அண்டசராசரத்தையும் அலசியவர்கள், தங்கள் மூக்குக்கு நேரே இருந்ததைப் பார்க்கவில்லை. பூமி தட்டை என்ற பேச்சைக் கேட்டு யாரோ உண்மையிலேயே பாராட்டி எழுதியபோதுகூட, பார் இந்தக் கிறுக்கனை என்று சிரித்தார்களே தவிர, விஷயம் உறைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் டிப்போவில் இடி விழுந்தது. பட்டறையை மொத்தமாக ஒரு கம்பெனிக்குக் குத்தகை விடப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, பிறகு அது பேச்சு இல்லை, உண்மை என்று ஆனது. கம்பெனி வந்தால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது, மீதிப் பேருக்கு இருக்கிற வேலை வேலையாக இருக்காது. தொழிலாளிகளின் தரப்பைக் கேட்க மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாக முடிவானது. குழு முன்னால் எழுந்து பேச ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. யாரை அனுப்புவது என்ற கேள்வியே எழவில்லை. டயர் பிரிவின் மூத்தவர், எல்லோருக்கும் அவர் டயர் அண்ணன், வக்கீலின் தோளில் கைபோட்டு, "இத்தனை வருஷம் சும்மா பேசினதுக்கெல்லாம் சேர்த்து இப்ப ஒருதடவை எங்களுக்காகப் பேசுப்பா" என்றார். பேச்சு வராமல் வக்கீல் நின்றது அநேகமாக அதுதான் முதல் தடவை.

பிரேக்கைக் கழற்றிப் பார்க்கும் அதே புத்தியோடு அவர் தயாரானார். எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்று தெரியாமல் போய் நிற்கக் கூடாது. அந்த வாரம் சலூனுக்குப் போனதும் தானே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு, நிர்வாகத்தின் கட்சியை எடுத்து வெளுத்து வாங்கினார். எங்கள் பட்டறையை இழுத்து மூடுங்கள் என்றார். இங்கே ஒருவன் ராத்திரி ஷிஃப்டில் பஸ்ஸின் கடைசி சீட்டில் படுத்துத் தூங்குகிறான், அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை என்றார். தேய்ந்த பாகத்தையே துடைத்து மறுபடி மாட்டி அனுப்புகிறோம், பஸ் ஓடுவது எங்கள் திறமையால் அல்ல, பயணிகளின் அதிர்ஷ்டத்தால் என்றார். வெளியில் இருந்து ஒருவன் வந்து சவுக்கை எடுத்தால்தான் உருப்படுவோம் என்று முடித்தார். சயின்ஸ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

அப்புறம் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அந்தப் பையன் தூங்குகிறான் என்றால் ஏன் தூங்குகிறான்? இரண்டு எலக்ட்ரீஷியன் செய்த வேலையை ஒருவன் தலையில் கட்டினீர்கள், வீட்டில் பச்சைக் குழந்தை, மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவன் கண்ணசரும் நேரத்தில் அவன் வேலையையும் நாங்கள் சேர்த்துப் பார்க்கிறோம், ஒரு பஸ்ஸாவது லைட் எரியாமல் வெளியே போயிருக்கிறதா? புதுப் பாகம் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்தோம், வந்ததா? இப்படியே போயிற்று. முதல் பாதியைவிட நீளமாகப் பேசினார், நிதானமாகப் பேசினார். பேசி முடித்துவிட்டு, "இந்த ரூம் இல்லைன்னா நான் எங்க போயி இதையெல்லாம் ஒத்திகை பார்ப்பேன்" என்று ரீலைப் பார்த்துச் சிரித்தார். ரீலும் சிரித்தார். டம்ளரில் சீப்புகளோடு மைக்கும் இருந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் வக்கீல் டிப்போவுக்குள் நுழைந்தபோது, வழக்கமாகத் தேநீர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து டம்ளரை நீட்டுகிறவர் மூடியை இறுக்கித் திருகிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பள்ளத்துக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றவர்கள் கலைந்தார்கள். டயர் அண்ணன் மட்டும் நகரவில்லை. அவர் போனில் வக்கீலின் குரல் கேட்டது. வெளியில் இருந்து ஒருவன் வந்து சவுக்கை எடுத்தால்தான் உருப்படுவோம்.

சலூன் சபையில், ஒரு பஸ் மெக்கானிக்கின் மனசாட்சி என்று தலைப்புப் போட்டிருந்தது. முதல் பாதி மட்டும்தான். சவுக்கு என்ற வார்த்தையோடு வெட்டி, பின்னால் ஒரு சோக வயலினையும் சேர்த்திருந்தது. மேலதிகாரி அதைத் தன் அறையில் எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருந்தார். எலக்ட்ரீஷியனுக்குத் தூங்கியதற்கு விளக்கம் கேட்டு மெமோ அன்று காலையே வந்துவிட்டது. அவன் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு ஒயரின் தோலை உரித்துக்கொண்டே இருந்தான். அண்ணே என்று தினமும் கூப்பிடுகிறவன் அன்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

வக்கீல் விளக்கினார். அது விளையாட்டு, நாற்காலி சுவரைப் பார்த்திருந்தால் எதிர்க்கட்சி பேச வேண்டும், அதுதான் அங்கே வழக்கம் என்றார். சொல்லச் சொல்ல அவர் காதுக்கே அது அபத்தமாகக் கேட்டது. ஷட்டருக்குப் பின்னால் அத்தனை இயல்பாக இருந்த சட்டம், கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே வந்து நின்றதும் சின்னப்பிள்ளைச் சாக்காகிவிட்டது. யாரோ ஒருவர் நாற்காலியா என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்குச் செருப்படி மாதிரி விழுந்தது.

ரீலின் கடைக்குப் போனபோது அவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வக்கீலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா என்று போனைத் திருப்பிக் காட்டினார். நல்லது செய்ததாகவே நினைத்தாரோ, இல்லை அப்படி நினைப்பதாகத் தன்னையே நம்பவைத்துக்கொண்டாரோ, அது அவருக்கே வெளிச்சம். வக்கீல் அந்தப் போனைப் பார்க்கவில்லை.

"டிப்போ பேச்சைப் போடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

ரீல் ஒயரைக் கழற்றினார். "நீ பேசினதுதானடா. ஒரு வார்த்தை நான் சேர்த்திருக்கேனா?"

"மறுபாதி எங்க?"

ரீல் உண்மையைத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. "அது நீளம்டா. ஆள், சம்பளம், பாகம்னு... யாரு கேப்பா? முதல் பாதியிலதான் உயிர் இருந்துச்சு. எனக்குக் கேக்கும்போதே சிலிர்த்துடுச்சு."

பரவாயில்லை, இப்போதாவது மறுபாதியைப் போடு, குழு வருவதற்குள் போட்டால்கூடப் போதும் என்று வக்கீல் கேட்டார். கேட்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கெஞ்சினார். ரீல் கண்ணாடி அலமாரியின் மேல் விரலால் தேய்த்துக்கொண்டே, போட்டால் இதுவரை பேசியதெல்லாம் நாடகம் என்று ஆகிவிடும், சாதாரண மனிதர்களின் உண்மைப் பேச்சு என்றுதானே ஜனங்கள் கேட்கிறார்கள், இப்போதுதான் ஒரு கம்பெனிக்காரர் விளம்பரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வாழ்க்கையில் முதல்தடவையாக நான் தொட்டது ஒன்று துலங்குகிறது என்றார். கடைசியில், தரையைப் பார்த்தபடி, "போடணும்னாலும் முடியாதுடா. போன்ல இடம் இல்லைன்னு அதை அப்பவே அழிச்சிட்டேன்" என்றார்.

கோபமாகவாவது அழித்திருக்கலாம். பயந்தாவது அழித்திருக்கலாம். இடம் இல்லை என்று அழித்தானே பாவி. ஒரு மனிதன் மனதில் இருப்பது இதுதான் என்று பேசியதை, அடைசல் என்று தூக்கி வெளியே போட்டுவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்தது வக்கீலுக்கு ஞாபகம் வந்தது. அடிக்கக் கை வரவில்லை. திட்ட வாயும் வரவில்லை. எந்த வார்த்தையை எடுத்தாலும் அதை எங்காவது வெட்டி ஒட்டிவிடுவானோ என்று ஒரு பயம் வந்து, பேசாமல் வெளியே வந்துவிட்டார்.

சாட்சிக்கு இருந்தது இரண்டு பேர். சயின்ஸை டிப்போவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டார். சயின்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வக்கீலின் தோளைப் பிடித்துக்கொண்டார், ஆனால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அரசாங்க விவகாரத்தில் தலையிட்டதாக ஆகிவிடும் என்று நழுவினார். பூமி தட்டை என்றதற்கு அத்தனை ரோஷப்பட்டவர். சலூன்காரர் மட்டும் வாடிக்கையாளர் காத்திருக்க, பாதியில் கத்தரியை வைத்துவிட்டு டிப்போ வாசலுக்கு வந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். காவலாளி முதற்கொண்டு எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நண்பனுக்காக நண்பன் பேசுகிறான், பேசாமல் என்ன செய்வான் என்று அவர் தலை மறைந்ததும் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் மனைவி சாப்பாட்டை எடுத்து வைத்தாள். தையல் கூடத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "நீங்க அப்படி நெனைக்கிற ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, ஏதோ விளையாட்டாகக் கேட்பவள் போல அவளே திரும்பிக் கேட்டாள்.

"ஏங்க, என்கிட்ட எப்பவாவது அப்படி நாற்காலியைத் திருப்பிப் பேசியிருக்கீங்களா?"

இல்லை என்றார். சத்தியமாக இல்லை என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆட்டுவதற்கு முன்னால் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

குழு வருவதற்கு முதல் நாள் பட்டறையில் கூட்டம் போட்டார்கள். யார் போய்ப் பேசுவது என்று மறுபடி முடிவு செய்ய. ரிப்பேருக்கு நின்ற பஸ்களுக்கு நடுவே எல்லோரும் டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். தன் பக்கத்தைச் சொல்ல வக்கீலுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த நியாயம் அவர்களிடம் இருந்தது. வக்கீல் எழுந்தார். அழிந்துபோன மறுபாதியை, ஒரு வார்த்தை விடாமல், மறுபடி பேசினார். ஆள் இல்லாததைச் சொன்னார். பாகம் வராததைச் சொன்னார். எலக்ட்ரீஷியனின் குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அது தானாக உடைந்ததுதான். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

டயர் அண்ணன்தான் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. அவர் வருத்தத்தோடு பேசினார்.

"நல்லாத்தான் பேசுறப்பா. அன்னைக்கும் இதே மாதிரி நல்லாத்தான் பேசியிருந்த. இப்ப உன் நாற்காலி எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வக்கீல் பதில் இல்லாமல் நின்றதையும் சிலர் நடிப்பாக இருக்குமோ என்று பார்த்தார்கள். அப்புறம் அண்ணன் திரும்பி, பஸ் கழுவும் பிரிவில் இருக்கும் ஒருவரைக் கைகாட்டினார். நான்கு பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மனிதர் அவர். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டி மறுத்தார். "உனக்குப் பேச வராது. அதனால நீ என்ன சொன்னாலும் அது உன் மனசுதான்னு கேக்குறவனுக்குத் தெரியும்" என்றார் அண்ணன். எல்லோரும் கை தூக்கினார்கள். எலக்ட்ரீஷியனும் தூக்கினான். வக்கீலும் தூக்கினார்.

குழு வந்தது, கேட்டது, போனது. பட்டறையில் பாதி கம்பெனிக்குப் போயிற்று, பாதி தப்பியது. வக்கீல் பேசியிருந்தால் முழுதும் தப்பியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். வேலை இருந்தது, பள்ளம் இருந்தது, பெயரும் இருந்தது. ஆனால் அவர்கள் இப்போது வக்கீல் என்று கூப்பிடும்போது அதில் சிரிப்பு இல்லை. எலக்ட்ரீஷியனை வேறு டிப்போவுக்கு மாற்றினார்கள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து, வரேன் என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

ரொம்ப நாள் வக்கீல் சலூன் பக்கமே போகவில்லை. முடி காது வரை வளர்ந்தது. ஒருநாள் சலூன்காரரே வழிமறித்து, என்மேல் என்ன கோபம், வந்து உட்கார் என்றார். அன்று கடைக்கு விடுமுறை என்பது வக்கீலுக்கு வாசலில்தான் உறைத்தது. பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார். உள்ளே ரீல் இருந்தார்.

ஆள் இளைத்திருந்தார். சலூன் சபையை எல்லோரும் கொஞ்ச நாளில் மறந்துவிட்டார்கள். இன்னொன்று வந்தது, அதற்குப் போய்விட்டார்கள். விளம்பரக்காரர் போனை எடுப்பதில்லையாம். டம்ளரில் சீப்புகள் மட்டும் இருந்தன. ரீல் எழுந்து, பெரிய நாற்காலியைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பி, அது அசையாமல் பிடியை இறுக்கிவிட்டு, உட்கார்ந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்டா. நீ கண்ணுல பட்டா கால்ல விழணும்னு நெனைச்சேன். எங்கப்பாவுக்கு அப்புறம் எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தன்தான். உன்னைப் போயி..." என்று அதற்குமேல் சொல்ல முடியாமல் அழுதார். கண்ணாடிக்குள் இருந்த ரீலும் அழுதார். சலூன்காரர் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

வக்கீல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலி கண்ணாடியைத்தான் பார்த்திருந்தது. கண்ணீர் கண்ணீராகத்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து தெரிந்த முகம். இவன் சொல்வது மனதிலிருந்து வருகிறதா என்று பார்த்தார். எங்கேயாவது கழற்றிப் பார்க்க இடம் இருக்கிறதா என்று தேடினார். நம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. டிப்போவில் போனதெல்லாம் போகட்டும், இவனாவது திரும்பக் கிடைக்கட்டும் என்று இருந்தது.

"நல்லாத்தான் பேசுற" என்றார்.

சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது. ரீல் துண்டிலிருந்து முகத்தை எடுத்து அவரைப் பார்த்தார். வக்கீல் முடிவெட்டிக்கொள்ளாமலே, ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார்.